பனகல் அரசர்: காளத்தி மண் தந்த முதல் மந்திரி

1923ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் நாள், சென்னைக் கோட்டையில் கூடிய மாகாணச் சட்டசபை, இந்தியாவில் அதுவரை எந்தச் சட்டசபையும் செய்திராத ஒரு காரியத்தைச் செய்தது. பதவியிலிருந்த மந்திரிசபையின்மீது நம்பிக்கையில்லை என்று கூறும் பிரேரணை ஒன்றை விவாதித்து, அதை வாக்கெடுப்புக்கும் விட்டது. பிரேரணையைக் கொண்டுவந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி; சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880ஆம் ஆண்டு பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, மைசூர் சமஸ்தானத்தில் கல்வித்துறையில் பெயரெடுத்து, பின்னர் அரசியலுக்கு வந்தவர். அதை எதிர்கொண்டவர் முதல் மந்திரி பனகல் அரசர். 1866ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் காளஹஸ்தியில் பிறந்த பனகண்டி ராமராயநிங்கார் என்பதே அவருடைய இயற்பெயர். மந்திரிசபையை ஆதரித்து 65 வாக்குகளும் எதிர்த்து 44 வாக்குகளும் விழுந்தன. பனகல் அரசர் பதவியில் நீடித்தார்.

ஒரே மாவட்டத்து மண்ணில் பிறந்த இருவர் ஒரு மாகாணத்தின் ஆட்சியை முன்னிட்டு எதிரெதிரே நின்ற அந்தக் காட்சியிலிருந்தே பனகல் அரசரின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமாகும். 1921 ஜூலை 11 முதல் 1926 டிசம்பர் 3 வரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஐந்து மாதங்கள், அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். 1920 முதல் 1937 வரை நிலவிய இரட்டையாட்சிக் காலத்தில் அப்பதவியை வகித்த வேறொருவரும் அத்தனை காலம் தொடர்ச்சியாக ஆளவில்லை. அவருடைய நீண்ட ஆட்சியைப் பற்றிய புகழுரைகளும் கண்டனங்களும் ஏராளம். அவற்றின் ஆரவாரத்தில் மறைந்துபோன ஒன்றை, அதாவது அதிகாரத்தில் பாதியை மட்டுமே பெற்றிருந்த ஒரு மனிதர், தம் காலத்துக்குப் பின்னும் நிலைக்கத்தக்க ஸ்தாபனங்களை எவ்வாறு எழுப்பினார் என்பதை, ஆராய்ந்து கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த மண்

பொன்முகலி ஆற்றங்கரையிலுள்ள காளத்தி, அதாவது காளஹஸ்தி, தமிழருக்கு அந்நியமான ஊர் அன்று. கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய தலம் என்று பெரியபுராணம் போற்றும் அவ்வூர், மூவர் தேவாரத்திலும் இடம்பெற்றது. வடவேங்கடத்தைத் தமிழுலகின் எல்லையாக வகுத்த பழந்தமிழ் மரபும் இந்நிலத்தை நமக்கு மறக்கவொட்டாமல் செய்துள்ளது. அரசியல் வரலாற்றிலும் காளத்திக்கும் சென்னைக்கும் நெடுநாளைய பந்தம் உண்டு. 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட அனுமதி அளித்தவர்கள் தாமர்ல நாயக்கர்கள். அந்த வம்சத்தாரே பின்னாளில் காளஹஸ்தி ஜமீனை ஆண்டவர்கள்.

ராமராயநிங்கார் பிறந்தபோது இப்பிரதேசம் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் ஜில்லா தனியே அமைந்தது. காளஹஸ்தியும் திருப்பதியும் திருத்தணியும் அதற்குள் வந்தன. பிற்காலத்தில் 1960ஆம் ஆண்டு திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிக் காளஹஸ்தியைத் தன்னுள் கொண்டது. இத்தனை கோடுகள் வரையப்பட்டும் அழிக்கப்பட்டும் வந்த இந்த நிலத்தில், ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கேட்கும். இரண்டு மொழியாரும் வந்து தொழும் கோயில்களின் நிழலில் வளர்ந்தவர் என்பது, பனகல் அரசரின் பிற்காலச் செய்கைகளைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

கல்வியும் அரசியல் பிரவேசமும்

ஜமீன் குடும்பத்தில் பிறந்த அவர் ஜமீன் வருமானத்தோடு திருப்தியடைந்துவிடவில்லை. திருவல்லிக்கேணியில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை மாகாணக் கல்லூரியில் சேர்ந்து, சமஸ்கிருதத்தைச் சிறப்பாகக் கற்றுப் பட்டம் பெற்றார், பின்னர் எம்.ஏ. பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் பெற்றார். வடமொழி சாஸ்திரங்களை மூலத்திலேயே படித்துத் தர்க்கிக்கவல்ல அந்தப் பாண்டித்தியம், கோயில்களைப் பற்றிய சட்டத்தை அவர் கொண்டுவந்தபோது அவருக்கு ஆயுதமாகவும் கவசமாகவும் பயன்பட்டது.

1912 முதல் 1915 வரை இம்பீரியல் சட்டசபையில் தென்னிந்திய ஜமீன்தார்களின் பிரதிநிதியாக இருந்தார். 1916 நவம்பரில் பிட்டி தியாகராய செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் டாக்டர் நடேச முதலியாரும் முன்னின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் பெயராலேயே அச்சங்கம் ஜஸ்டிஸ் கட்சி என்றும் நீதிக்கட்சி என்றும் வழங்கலாயிற்று. ராமராயநிங்கார் அதன் முன்னணியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு, வரவிருந்த அரசியல் சீர்திருத்தத்தில் பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமென வாதாட இங்கிலாந்து சென்ற கட்சித் தூதுக்குழுவிலும் இடம்பெற்றார்.

1920ஆம் ஆண்டின் இறுதியில் புதிய சீர்திருத்தத்தின்கீழ் முதல் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. 98 தேர்தல் ஸ்தானங்களில் 63ஐ ஜஸ்டிஸ் கட்சி பெற்றது. தியாகராய செட்டியார் பதவியை ஏற்க மறுத்துவிட்டமையால், கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். ராமராயநிங்கார் ஸ்தல ஸ்தாபன இலாகாவை ஏற்றார். ஏழு மாதம்கூட நிறைவதற்கு முன் ரெட்டியார் தேக அசௌக்கியத்தால் விலகவே, அந்தப் பொறுப்பு காளத்தியாரிடம் வந்தது.

பாதி அதிகாரம்

அவர் ஏற்ற பதவியின் தன்மையை இன்றைய வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் மாகாண அரசாங்கத்தை இரண்டாகப் பிளந்திருந்தது; இதுவே இரட்டையாட்சி. போலீசு, நீதி, நிலவரி, நிதி, நீர்ப்பாசனம் முதலியவை கவர்னரின் நிர்வாகசபை உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஸ்தல ஸ்தாபனம், கல்வி, சுகாதாரம், மதுவிலாகா, விவசாயம், கைத்தொழில், தர்மஸ்தாபனங்கள் ஆகியவை சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் மாற்றப்பட்டன. செலவு செய்யவேண்டிய இலாகாக்கள் மந்திரிகளின் கையில். பணப்பெட்டியின் சாவியோ வேறொருவர் கையில். விவசாயத்துக்குப் பொறுப்பான மந்திரிக்கு நீர்ப்பாசனத்தின்மீது அதிகாரம் இல்லை என்ற முரண்பாட்டை, பனகல் மந்திரிசபையிலிருந்த கே. வி. ரெட்டி நாயுடுவே பிற்பாடு மனம்நொந்து எடுத்துரைத்திருக்கிறார்.

இந்த நிலையில் ஒரு முதல் மந்திரிக்கு இரண்டு வழிகள் இருந்தன. அதிகாரம் முழுமையாக வரும்வரை எதுவும் செய்வதற்கில்லை என்று ஒதுங்கியிருப்பது ஒன்று. கிடைத்த அதிகாரம் எவ்வளவு குறுகியதாயினும் அதன் எல்லைவரை சென்று, அதற்குள் நிலையான ஏற்பாடுகளை ஊன்றிவிடுவது மற்றொன்று. காங்கிரஸ் முன்னதைத் தேசத் தியாகமாகக் கருதியது. பனகல் அரசர் பின்னதைத் தம் கடமையாகக் கொண்டார். இரண்டுமே நாட்டின்மீது கொண்ட அன்பிலிருந்து பிறக்கக்கூடியவை என்று ஒப்புக்கொள்வதே நடுநிலையாளர்க்கு அழகு. ஆனால் ஏற்பாடுகளை ஊன்றியவரின் வேலையை அளக்க, அவை எத்தனை காலம் நின்றன என்பதே தக்க அளவுகோலாகும்.

1921 செப்டம்பர் 16 அன்று வெளியான வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ உத்தரவு, அரசாங்க உத்தியோகங்கள் பல வகுப்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்படவேண்டும் என்று முதன்முதலாக வலியுறுத்தியது. உத்தரவு இருந்தும் ஆள் தேர்வு இலாகாத் தலைவர்களின் விருப்பத்தில் நின்றமையால் பலன் மெதுவாகவே கிட்டியது. இதை உணர்ந்த மந்திரிசபை 1924இல் உத்தியோகத் தேர்வுக்கென ஒரு போர்டை ஏற்படுத்தியது. அதிலிருந்தே 1929இல், இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னையில், சர்வீஸ் கமிஷன் பிறந்தது. உத்தரவு போட்டதோடு நில்லாமல், அதை நிறைவேற்றும் ஒரு ஸ்தாபனத்தையும் உண்டாக்கியதில்தான் பனகல் அரசரின் நிர்வாக முறை விளங்குகிறது.

வைத்தியத் துறையிலும் இதே போக்கைக் காண்கிறோம். நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கையை அலமாரியில் பூட்டிவைக்காமல், சித்த, ஆயுர்வேத, யுனானி முறைகள் மூன்றையும் கற்பிக்க இந்திய வைத்தியப் பள்ளி 1925இல் சென்னையில் தொடங்கப்பட்டது, கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி அதன் தலைமையை ஏற்றார். கீழ்ப்பாக்கத்தில் அப்பள்ளி நடந்த வளாகத்திலேயே பின்னர் மருத்துவக் கல்லூரி எழுந்தது.

இந்து மத பரிபாலன மசோதா

பனகல் ஆட்சியின் மகுடமாகவும் முள்ளாகவும் அமைந்தது இந்து மத பரிபாலன மசோதாவே. அதன் அவசியத்தை அறிய, திருப்பதியின் கதையைச் சற்றே திரும்பிப் பார்க்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிரதேசம் கம்பெனியார் வசமானபோது, திருமலைக் கோயிலின் வரவு செலவும் அவர்கள் நிர்வாகத்துக்கு வந்தது. 1817ஆம் ஆண்டின் ரெகுலேஷன் மாகாணத்துக் கோயில் தர்மங்களை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது; 1821இல் புரூஸ் என்ற அதிகாரி திருமலைக் கோயில் நிர்வாகத்துக்கென ஒரு விதித்தொகுப்பையே வகுத்தார். கிறிஸ்தவ அரசாங்கம் இந்துக் கோயில்களை நடத்தலாகாது என்று பாதிரிமார்கள் கிளர்ச்சி செய்யவே, கம்பெனியார் பின்வாங்கினர். 1843ஆம் ஆண்டு திருமலை நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மஹந்துக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1863ஆம் ஆண்டின் சட்டம் அரசாங்கத்தின் கடைசித் தொடர்பையும் அறுத்து, கோயில்களைத் தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் விட்டது. கணக்குக் கேட்பவர் யாருமில்லை என்ற நிலை நாடெங்கும் உண்டாயிற்று. கேட்க விரும்பிய பக்தனுக்குச் செலவுமிக்க நீண்ட வியாஜ்ஜியம் ஒன்றே வழியாக இருந்தது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் முயன்றும் கைகூடாத சீர்திருத்தத்தைப் பனகல் அரசர் 1922 டிசம்பரில் மசோதாவாகக் கொண்டுவந்தார். கோயில்களும் மடங்களும் ஒழுங்கான கணக்கு வைக்கவேண்டும். அக்கணக்கு தணிக்கைக்கு உட்படவேண்டும். மேற்பார்வைக்கு ஒரு போர்டு வேண்டும். கோயிலின் தேவை போக எஞ்சும் உபரியைத் தக்க தர்மங்களுக்குச் செலவிட வழி வேண்டும் என்பவையே அதன் சாரம். மதத்தில் அரசாங்கம் தலையிடலாகாது என்று மடாதிபதிகளும் தர்மகர்த்தாக்களும் கூக்குரலிட்டனர். 1923 தேர்தலில் சட்டசபைக்கு வந்த எஸ். சத்தியமூர்த்தி தம் வாதத்திறம் முழுவதையும் அதற்கெதிராகத் திரட்டினார். வெள்ளைக்கார அரசாங்கத்தின் கை கோயிலுக்குள் நுழையலாமா என்ற அவருடைய ஐயத்தை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் இந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், இந்திய வாக்காளர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஓர் இந்திய மந்திரி. அதுவும் கோயிலூரில் பிறந்து, சாஸ்திரம் பயின்ற இந்து. பூஜையும் ஆகமமும் அவரவர் மரபுப்படியே நடக்கட்டும், பக்தன் போட்ட காசுக்கு மட்டும் கணக்கு இருக்கட்டும் என்பதே அவர் நிலை.

1923 ஏப்ரலில் சபையில் நிறைவேறிய மசோதா எளிதில் சட்டமாகிவிடவில்லை. திருத்தங்களுக்காகத் திரும்பி, மீண்டும் சபையைக் கடந்து, 1925ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக வெளிவந்தது. முந்திய சட்டசபை கலைந்துபோன பின் பழைய மசோதாவை நிறைவேற்றியது செல்லுமா என்ற சட்டப் பிரச்சினை எழுந்தபோது, சபை முழு மசோதாவையும் புதிதாகவே நிறைவேற்ற நேர்ந்தது. அது 1927ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டமாயிற்று. ஒரே சட்டத்துக்காக இத்தனை முறை பொறுமையோடு படியேறிய மந்திரிகள் அரியர். புதிய போர்டின் முதல் தலைவராக ஹைக்கோர்ட்டு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற டி. சதாசிவ ஐயர் அமர்ந்தார். பிராமணரல்லாதார் கட்சியின் ஆட்சியில், கோயில் நிர்வாகத்தின் உச்சிப் பதவி ஒரு பிராமண நீதிமானுக்குப் போனது, அந்தச் சட்டத்தின் நோக்கம் வகுப்பு விரோதம் அன்று என்பதற்குப் போதிய சாட்சி.

குறைகளும் பிளவுகளும்

ஒரு மனிதரை மதிப்பது அவருடைய குறைகளை மறைப்பதாகாது. சுப்பராயலு ரெட்டியார் விலகிய பின் மந்திரிகள் மூவரும், பனகல் அரசரும் கே. வி. ரெட்டி நாயுடுவும் ஏ. பி. பாத்ரோவும், தெலுங்குப் பகுதியினராக அமைந்தது தமிழ் ஜில்லாக்காரர்களிடம் நியாயமான மனத்தாங்கலை உண்டாக்கியது. 1923இல் ரெட்டி நாயுடுவின் இடத்துக்குத் திருநெல்வேலி டி. என். சிவஞானம் பிள்ளை வந்த பிறகே அது ஓரளவு தணிந்தது. இரு மொழி பேசும் மண்ணில் பிறந்தவர் இதை முன்கூட்டியே உணர்ந்திருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது தவறாகாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1921இல் சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் நீண்டு, புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் ஏனைய தொழிலாளருக்கும் கலகம் மூண்டபோது, ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள் சிலர் ஆதிதிராவிடர்மீதே பழிசுமத்தினர். 1922இல் 'பஞ்சமர்' என்ற இழிபெயரை அரசாங்க ஏடுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்ற அதே ஆட்சியில், ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா மனம்வெறுத்து 1923இல் கட்சியைவிட்டு விலகினார். மேல்நிலையிலிருந்த பிராமணரல்லாதாரின் குறைகளைத் தீர்த்த அளவுக்குத் தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தீர்க்க அக்கட்சி முன்வரவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இந்த விலகலே ஆதாரமாகிவிட்டது.

இந்தப் பிளவுகள் எல்லாம் சேர்ந்தே 1923 தேர்தலில் கட்சியின் பலத்தை 44ஆகக் குறைத்தன. அவற்றின் உச்சமே சித்தூர்க்காரர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை. மந்திரிசபை அன்று பிழைத்ததில் நியமன உறுப்பினர்களின் வாக்குகளுக்கும் பங்குண்டு என்பதால், வெற்றி முழுமையாக மக்கள் தந்தது அன்று என்று எதிர்க்கட்சியார் வாதிட்டது சரியே. ஆனால் தோற்ற பிரேரணையும் ஒரு மரபைப் படைத்தது. மந்திரிகள் கவர்னரின் தயவால் மட்டும் இருப்பவர்கள் அல்லர், சபையின் நம்பிக்கையால் இருக்கவேண்டியவர்கள் என்ற கோட்பாடு அன்று இம்மண்ணில் வேர்கொண்டது.

இங்கே போற்றத்தக்க ஒரு செய்தி உண்டு. பனகல் ஆட்சியில் 1923இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டமும், 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டமும் நிறைவேறின. இரண்டையும் கொண்டுவந்தவர் கல்வி மந்திரி பாத்ரோ. அந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் யாரெனில், மந்திரிசபையைக் கவிழ்க்க முயன்ற அதே கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர், திருத்தணியில் பிறந்து இளமையில் திருப்பதியில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சபையில் மாற்றாராய் நின்றவரின் அறிவு நாட்டுக்குப் பயன்படாமல் போய்விடவில்லை என்பது அக்கால அரசியலின் பெருந்தன்மைக்கு அடையாளம்.

இறுதியும் எச்சமும்

1925 ஏப்ரலில் தியாகராய செட்டியார் காலமானதும் கட்சித் தலைமையும் பனகல் அரசரிடமே வந்தது. 1926 தேர்தலில் காங்கிரசாரின் சுயராஜ்யக் கட்சி 41 ஸ்தானங்களைப் பெற்றது. ஜஸ்டிஸ் கட்சிக்குக் கிட்டியவை 21. சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுக்கவே, டாக்டர் பி. சுப்பராயன் தலைமையில் சுயேச்சை மந்திரிசபை அமைந்தது. பனகல் அரசர் எதிர்வரிசைக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில், 1928 டிசம்பர் 16 அன்று, காலமானார். அவருக்குப் பின் கட்சியின் தலைமையை ஏற்று, 1930இல் முதல் மந்திரியுமான பி. முனுசாமி நாயுடுவும் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் பிறந்து, சித்தூரில் பொதுவாழ்வைத் தொடங்கியவர். பத்தாண்டுகளுக்குள் ஒரு சிறு ஜில்லா இரண்டு முதல் மந்திரிகளையும், அவர்களில் ஒருவரை எதிர்த்து நின்ற பேரறிஞரையும் மாகாணத்துக்கு அளித்தது.

சென்னையில் அவர் பெயர் வழங்குமிடங்கள் இன்றும் உண்டு. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, நகரை விரிவாக்கும் திட்டத்தால் உருவான தியாகராய நகரின் நடுவே பனகல் பூங்கா இருக்கிறது; சுற்றிலும் உஸ்மான் சாலை, நடேசன் தெரு, டாக்டர் நாயர் சாலை என்று அவருடைய சகாக்களின் பெயர்கள். சைதாப்பேட்டையிலும் பனகல் மாளிகை உண்டு. பேருந்து நடத்துநர் 'பனகல் பார்க்' என்று குரல் கொடுக்கும்போது இறங்கிப் புடவைக் கடைகளை நோக்கி நடப்பவர்களுக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்ற நினைவு இல்லாமல் போகலாம். அதுபற்றி வருந்துவதைவிட, அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் வேறெங்கோ இருப்பதைத் தேடிக் காண்பது மேல்.

திருமலைக்கு நிர்வாக மாற்றம் வந்தது அவர் மறைந்த பின்னரே. 1932ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால், 1933இல், மஹந்துக்களின் தொண்ணூறு ஆண்டுக்கால நிர்வாகம் முடிந்து, திருமலை திருப்பதி தேவஸ்தானக் கமிட்டி பொறுப்பேற்றது. பொது மேற்பார்வை, தணிக்கை, உபரியைக் கல்விக்கும் தர்மத்துக்கும் திருப்புதல் ஆகிய நெறிகளுக்கு மாகாணம் தழுவிய சட்ட வடிவம் தந்தது, காளத்தியார் கொண்டுவந்த பரிபாலனச் சட்டமே. அவ்வழியில் தேவஸ்தானத்தின் உதவி பெற்று எழுந்த கல்விச்சாலைகளின் வரிசையில் 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் சேர்ந்தது.

திருமலையில் பரகாமணி என்னும் காணிக்கை எண்ணும் இடத்தைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். பெரிய துணிப்பையாகத் தொங்கும் உண்டியல் நிரம்பியதும் கட்டி முத்திரையிட்டு எடுத்துவரப்படுகிறது. தரையில் கொட்டிய குவியலைச் சூழ்ந்து அமர்ந்திருப்பவர்களின் உடையில் பை கிடையாது. கசங்கிய பத்து ரூபாய் நோட்டும், மஞ்சள் துணியில் முடிந்த நாணயமும், கழற்றிப் போட்ட தோடும் தனித்தனியே பிரிகின்றன, எண்ணுகின்றன விரல்கள், எழுதப்படுகிறது கணக்கு. எந்த ஊர்க் குடியானவள் எந்த வேண்டுதலுக்காக முடிந்த முடிச்சோ, அவள் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவள் காசு இருக்கிறது. அவள் காசு கணக்கில் ஏறவேண்டும் என்பதற்காகத்தான், அதிகாரத்தில் பாதியை மட்டுமே பெற்றிருந்த ஒரு முதல் மந்திரி, ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கோட்டைப் படிகளில் ஏறியிறங்கினார்.